இரத்தம் ஏற்றுக்கொள்ளும் துணி

(நம் சங்கத்தின் பொன்விழாவையொட்டி ஈப்போவில் நடந்த குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மருத்துவம் சம்பந்தமான ஒரு தலைப்பில் பேசத் துணிக்கடைக்காரனை மேடையேற்றியிருக்கிறீர்கள். நான் டாக்டர் அல்ல. உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் இன்றைய தலைப்புக்குத் துணி வியாபாரத்தோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. மனித உடம்புக்குள் வைத்துத் தைக்கும் துணி, காயத்தின்மேல் போர்த்தும் துணி, இரத்தம் பட்டாலும் இரத்தத்தை உறைய வைக்காத துணி. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். படித்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்ததையும் சொல்கிறேன்.

முதலில் நம் ஊருக்குத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். 1877-ல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்துதான் பேராக்கின் தோட்ட வரலாறு ஆரம்பிக்கிறது. பிரேசில் நாட்டு மரம், லண்டன் வழியாக இங்கே வந்தது. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கமெல்லாம் அத்தா சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு சம்பள நாளில் போன தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. ஆனால் பால் வெட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மரத்தில் கோடு போட்டதும் பால் வடியும். சில மணி நேரத்தில் வடிவது நின்றுவிடும். ஏன்? வெட்டுவாயில் பால் தானாகவே கட்டிப்போய் அடைத்துவிடுகிறது. மறுமுறை வெட்டும்போது அந்த நாடாவை உரித்துப் போட்டுவிட்டுத்தான் உளியை வைப்போம். மங்கில் விட்டுவைத்த பால் மறுநாள் கட்டிப்பாலாகிவிடும். கட்டாமல் ஆலைக்குப் போக வேண்டுமென்றால் அம்மோனியா ஊற்ற வேண்டும். கட்ட வேண்டுமென்றால் ஆசிட் ஊற்ற வேண்டும்.

நம் இரத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். விரலில் வெட்டுப்பட்டால் சில நிமிடத்தில் உறைந்து வாயை அடைக்கிறது. அது இல்லாவிட்டால் சின்னக் காயமே உயிரைக் குடித்துவிடும். ஆனால் அதே உறைதல், இரத்தக் குழாய்க்குள் வேண்டாத இடத்தில் நடந்தால் மாரடைப்பு, பக்கவாதம். ஆகவே உடம்புக்குள் வைக்கும் எந்தப் பொருளும் இரத்தத்தைப் பார்த்து "நான் அந்நியன்" என்று சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சில நொடிகளில் இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் ஒட்டும். அதைப் பிடித்துக்கொண்டு தட்டணுக்கள் ஒட்டும். அவை மற்ற தட்டணுக்களைக் கூப்பிடும். பிறகு வலை பின்னியதுபோல் உறைவுக்கட்டி உருவாகும். இதைச் செய்யாத பொருளைத்தான் 'இரத்தத்துக்கு ஒத்துப்போகும் பொருள்' என்கிறார்கள்.

இனி துணிக்கு வருகிறேன். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் அறுவை மருத்துவர், ஆய்வில் நாயின் இதயத்துக்குள் விட்டிருந்த பட்டு நூலைச் சுற்றி வழவழப்பான திசு வளர்ந்திருந்ததைக் கவனித்தார். நூலே இப்படி என்றால் நூலால் நெய்த குழாய் எப்படியிருக்கும் என்று யோசித்தார். 1952-ல் துணிக் குழாயை இரத்தக் குழாயாகப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். அடுத்து ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி. லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தாயார் சிறு வயதிலேயே தையல் கற்றுக் கொடுத்திருந்தார். அவர் நைலான் வாங்கத் துணிக்கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்று புதிதாக வந்திருக்கிறது என்று கடையில் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு போய் மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். 1954 வாக்கில் அது மனித உடம்புக்குள் போனது. டேக்ரான் என்பது வேறொன்றுமில்லை, பாலியெஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்து, டெரிலின் என்று நம் தாத்தாமார் சட்டை தைத்துப் போட்ட அதே சரக்கு. என் கடையில் இன்றைக்கும் சுருள் சுருளாக இருக்கிறது. வயிற்றின் பெரிய இரத்தக் குழாய் பழுதானவர்களுக்கு இன்றும் பாலியெஸ்டர் குழாய் வைக்கிறார்கள்.

இன்னொரு பொருள், 1969-ல் பாப் கோர் என்பவர் கண்டுபிடித்த, இழுத்து விரித்த டெஃப்லான். ஒட்டாத தவாவில் பூசுகிறார்களே, அந்த வகைதான். இழுத்து விரித்தால் நுண்ணிய இழைகளும் துவாரங்களும் கொண்ட மெல்லிய சவ்வாகிறது. அதிலும் குழாய் செய்கிறார்கள்.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. குழாய் பெரிதாக இருந்தால் இவை நன்றாக வேலை செய்கின்றன. 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அடைத்துக்கொள்கின்றன. இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் குழாயின் உட்சுவரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு உறைவு படிந்தால், மீதி வழி 18 மில்லிமீட்டர். பரப்பளவில் 81 விழுக்காடு வழி இன்னும் திறந்திருக்கிறது. அதே 1 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் குழாயில் படிந்தால் மீதி 2 மில்லிமீட்டர்தான். பரப்பளவில் 25 விழுக்காடு. முக்கால்வாசி வழி அடைந்துபோனது. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் 3, 4 மில்லிமீட்டர் அளவுதான். அதனால்தான் பைபாஸ் செய்யும்போது டாக்டர்கள் கடையில் வாங்கிய குழாயை வைக்காமல், நோயாளியின் காலிலிருந்து நாளத்தையோ நெஞ்சுச் சுவரிலிருந்து தமனியையோ எடுத்து வைக்கிறார்கள். காலில் நாளம் நன்றாக இல்லாதவர்களுக்குச் சிக்கல்.

இது யாரோ ஒருவருடைய பிரச்சினை இல்லை. 2023-ம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருவர். இந்த மண்டபத்தில் எத்தனை நாற்காலி என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியர்களிடம் இது அதிகம் என்பதும் தெரிந்த செய்தி. இனிப்பு நீர் முற்றினால் சிறுநீரகம், கண், இதயம், பாதம் நான்கையும் பிடிக்கிறது. நாட்டில் சுமார் ஐம்பதாயிரம் பேர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள்.

எங்கள் பெரியத்தா அவர்களில் ஒருவர். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். கையில் தமனியையும் நாளத்தையும் இணைத்து ஒரு பாதை செய்திருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே வண்டு பறப்பதுபோல் அதிரும். பேரப்பிள்ளைகள் வந்தால் தொட்டுப் பார்க்கச் சொல்லிச் சிரிப்பார். சில வருடத்தில் நாளம் சுருங்கிப்போய் அது நின்றுவிட்டது. பிறகு செயற்கைக் குழாய் வைத்தார்கள். அது ஒரே வருடத்தில் இரண்டு முறை அடைத்தது. ஒவ்வொரு முறையும் அடைப்பெடுக்கும் வரை கழுத்தில் குழாய் போட்டுக்கொண்டு டயாலிசிஸுக்குப் போய் வந்தார். அடைக்காத ஒரு சின்னக் குழாய் எத்தனை குடும்பங்களுக்கு நிம்மதி என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குழாயைத் தேடித்தான் விஞ்ஞானிகள் நூலை இன்னும் மெல்லியதாக்கினார்கள். நம் உடம்பின் உயிரணுக்கள் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. கொல்லாஜன் முதலான மிக நுண்ணிய நார்களால் பின்னிய வலையில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த நார்களின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 500 நானோமீட்டர். நம் தலைமுடி அதைவிட நூறு மடங்குக்கு மேல் தடிமன். அந்த அளவுக்கு மெல்லிய நாரைத் தறியில் நூற்க முடியாது. மின்சாரத்தால் நூற்கிறார்கள். ஊசிக்குழலில் பிளாஸ்டிக் கரைசலை நிரப்பி, ஊசி முனையில் பத்தாயிரம் இருபதாயிரம் வோல்ட் கொடுப்பார்கள். நம் வீட்டு மின்சாரம் 240 வோல்ட்தான். அந்த அழுத்தத்தில் ஊசி முனையில் தொங்கும் சொட்டு கூம்பாக நீண்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய தாரை பீறிட்டு, காற்றிலேயே சுழன்று, கரைப்பான் ஆவியாகி, எதிரே இருக்கும் தகட்டில் நாராகப் படியும். திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். தகட்டில் படிந்தால் காயத்துக்கான போர்வை. சுழலும் கம்பியில் படிந்தால் இரத்தக் குழாய்.

இந்த வேலை நம் நாட்டிலேயே நடக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த மகிழ்ச்சியான செய்தி. ஜொகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தேசிய இதய நிலையமும் சேர்ந்து இதயப் பொறியியல் மையம் ஒன்றை அமைத்தன. அங்கே பணியாற்றிய சரவணகுமார் ஜெகநாதன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பாலியூரித்தேன் என்ற பொருளை இப்படி நாராக்கினார்கள். நம் காலணியிலும் மெத்தையிலும் இருக்கும் குடும்பத்துச் சரக்குதான் பாலியூரித்தேன். ரப்பரைப் போல் இழுபடும், விட்டால் பழைய நிலைக்கு வரும். நாடித்துடிப்புக்கு விரிந்து சுருங்க வேண்டிய குழாய்க்கு அந்தக் குணம் தேவை. அந்தக் குழுவினர் கரைசலில் நம் சமையலறைப் பொருட்களைக் கலந்து பார்த்தார்கள். வேப்பெண்ணெய், சோள எண்ணெய் எல்லாம் பரிசோதிக்கப்பட்டன. தேனும் பப்பாளிச் சாறும் சேர்த்து, தீக்காயத்துக்கான நார்ப்போர்வை ஒன்றைச் செய்து 2016-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

எப்படிச் சோதிக்கிறார்கள்? இரத்தத்தின் நீர்ப்பகுதியை அந்தப் போர்வையோடு சேர்த்து வைத்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு சோதனை சாதாரணமாக அரை நிமிட அளவு, இன்னொன்று பன்னிரண்டு நொடி அளவு. உறைய நேரம் கூடினால் அந்தப் பொருள் உறைதலைத் தூண்டவில்லை என்று அர்த்தம். அடுத்து, சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக உடைந்தால் அது பாதுகாப்பான வகை. தேனும் பப்பாளியும் சேர்த்த போர்வை, சேர்க்காத பாலியூரித்தேனைவிட இரண்டு சோதனையிலும் நன்றாகச் செய்தது. தண்ணீரையும் எளிதாக ஈர்த்துக்கொண்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது ஆய்வுக்கூடச் சோதனை. மருந்துக்கடைச் சரக்கு இல்லை. "தேன் நல்லது என்று கூட்டத்தில் சொன்னார்கள்" என்று யாரும் வீட்டுத் தேனைப் புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். மருத்துவத் தேன் கிருமி நீக்கியது. நம் சமையலறைப் போத்தல் அப்படியில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வழி நீளமானது. அதற்கு ஒரு நல்ல உதாரணம் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். வெளிநாட்டு இதய வால்வு வாங்க ஏழைகளால் முடியவில்லை என்று டாக்டர் வலியத்தான் தலைமையில் சொந்த வால்வு செய்யத் தொடங்கினார்கள். முதல் மாதிரிகள் தோற்றன. மாற்றி மாற்றிச் செய்து, ஆடுகளில் சோதித்து, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அந்த வால்வைச் சுற்றிலும் இதயத்தோடு சேர்த்துத் தைக்கும் வளையம் பாலியெஸ்டர் துணி! ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. இரத்தம் சேமிக்கும் பையையும் அதே நிறுவனம்தான் அங்கே உள்நாட்டில் செய்யக் கற்றுக் கொடுத்தது.

உலகமும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 1999-ல் ஜப்பானில் 4 வயதுச் சிறுமிக்கு, அவளுடைய சொந்த உயிரணுக்களைக் கரையும் குழாய் ஒன்றில் வளர்த்துப் பொருத்தினார்கள். குழாய் கரைந்து போகும், அவளுடைய சொந்தத் திசு நிற்கும் என்பது எண்ணம். 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு, மனித உயிரணுக்களால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இரத்தக் குழாய் ஒன்றை, விபத்தில் கை கால் தமனி அறுந்த பெரியவர்களுக்குப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. பிரேசிலிலோ, நம் பால் மரத்தின் பாலிலிருந்தே ஆறாத புண்ணுக்கான சவ்வு செய்து, அது புதிய இரத்த நாளங்கள் வளரத் தூண்டுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து வந்த மரம். நம் ஆட்கள் நூறு வருடம் வெட்டிய மரம். இந்தச் செய்தியைப் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் பிள்ளைகள் இதில் ஏன் இல்லை என்றுதான் தோன்றியது.

நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பொருட்கள் எதிலிருந்து வருகின்றன? இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைச் சில குழாய்களின் உட்புறம் பூசுகிறார்கள். இன்று உலகில் கிடைக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. துணிக் குழாயில் கசிவு வராமலிருக்க ஜெலட்டின், கொல்லாஜன் பூசுவதும் உண்டு. அவை விலங்கிலிருந்து வருபவை. 2009-ல் நம் நாட்டின் தேசிய ஃபத்வா குழு, இந்த வகையைச் சேர்ந்த இரண்டு ஊசி மருந்துகளைப் பற்றி ஆராய்ந்து, மாற்று மருந்து இருப்பதால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவு சொன்னது. ஆனால் அவசர நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாமாக மருந்தை மறுத்துவிடக் கூடாது. மாற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மாநில முஃப்தி அலுவலகத்தில் கேளுங்கள். உயிர் காப்பதற்கு மார்க்கத்தில் இடம் உண்டு. ஆனாலும் கேள்வி கேட்பது ஒன்று, விடையை உருவாக்குவது வேறு. செடி எண்ணெயும் தேனும் கொண்டு இரத்தத்துக்கு ஒத்துப்போகும் நாரைச் செய்யும் ஆய்வு வெற்றியடைந்தால், இந்தக் கேள்வியே பலருக்கு எழாது. அதைச் செய்து முடிக்க அக்கறை உள்ளவர்கள் நம்மைவிட வேறு யார்?

கடைசியாக, வீட்டுக்கு எடுத்துப் போக மூன்று விஷயங்கள்.

முதலாவது, பாதம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். முள் குத்தியது தெரியாது. நாம் ஒளு செய்யும்போது நாளுக்குப் பல முறை பாதத்தைக் கழுவுகிறோம். அதில் ஒரு முறையாவது உள்ளங்காலைத் திருப்பி, விரல் இடுக்கை விரித்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பார்க்க முடியாத வயதினருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். கீறலோ கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால் மஞ்சள் தூள், காப்பித் தூள் வைக்காமல் அன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். புண்ணைக் காற்றாடக் காய விட வேண்டும் என்பதும் பழைய எண்ணம். ஈரப்பதம் காக்கும் போர்வையின்கீழ் காயம் சீக்கிரம் ஆறுகிறது என்று ஜார்ஜ் வின்டர் 1962-லேயே காட்டிவிட்டார். எந்தப் போர்வை என்பதை நர்ஸ் சொல்வார்கள்.

இரண்டாவது, டயாலிசிஸ் கை. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி குத்தவோ விடாதீர்கள். கனமான பையை அந்தக் கையில் தொங்கவிடாதீர்கள். தினமும் காலையில் விரல் வைத்து அந்த அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

மூன்றாவது, நம் சங்கத்தின் கல்வி நிதி. ஐம்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. டாக்டர், வக்கீல், கணக்காளர் என்று உருவாக்கியிருக்கிறோம். இனி வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது உயிர்மருத்துவப் பொறியியலோ, பாலிமர் தொழில்நுட்பமோ படிக்க ஓரிடம் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். டிப்ளோமா வழியாகப் போகும் பிள்ளையானாலும் சரி. ரப்பரும் கையுறையும் இந்த மாநிலத்தின் தொழில். தைப்பிங், கமுண்டிங் பக்கம் கையுறை ஆலைகளில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்து காயப் போர்வைக்கும் குழாய்க்கும் போகும் தூரம் அதிகமில்லை. முதல் பிள்ளையின் முதல் வருடப் புத்தகச் செலவை எங்கள் கடை ஏற்றுக்கொள்கிறது. மற்ற வியாபாரச் சகோதரர்கள் அடுத்தடுத்த வருடங்களுக்குப் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்.